ஒன்பதாம் இடத்து இரட்டைப் பிணைப்பு

நம் சமையலறைகளில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தத்தமக்கென்று ஒரு மணமும் ஒரு குணமும் உடையனவாக வெவ்வேறு பாத்திரங்களில் வீற்றிருப்பினும், ரசாயன சாஸ்திரம் பயின்றவரின் கண்ணுக்கு அவை யாவும் ஒரே அமைப்பின் ரூபபேதங்களே. கிளிசரின் என்னும் சிறிய மூலக்கூறு ஒன்றோடு, கொழுப்பமிலங்கள் என்னும் நீண்ட சங்கிலிகள் மும்மூன்றாக இணைந்து நிற்பதே எண்ணெய் என்பது. சவுக்காரத்தைப் பகுத்தாராய்ந்து இந்த உண்மையை முதன்முதலாகத் தெளிவுபட நிலைநாட்டியவர், 1823-ல் கொழுப்புகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1786-ல் பிறந்து 1889 வரை, நூற்றிரண்டு வயது நிரம்பி வாழ்ந்த அப்பெரியாரின் பெயர், பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் 72 பெயர்களுள் ஒன்று. சவுக்காரத்தை ஆராய்ந்த மனிதருக்கு இத்தகைய மரியாதை செய்யும் தேசங்கள் உலகில் அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.

அக்கொழுப்பமிலங்களுள் நம் கதைக்கு நாயகமாக நிற்பது ஓலிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் அணுக்கள் வரிசையாகத் தொடுத்த இச்சங்கிலியில், அமில முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், ஒன்பதாவது அணுவுக்கும் பத்தாவது அணுவுக்கும் இடையே மட்டும் ஒற்றைப் பிணைப்புக்குப் பதிலாக இரட்டைப் பிணைப்பு அமைந்திருக்கிறது. கடலை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதியும், நல்லெண்ணெயிலும் பாமாயிலிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவிலும், ஆலிவ் எண்ணெயில் அதற்கும் மிக அதிகமாகவும் இருப்பது இந்த ஓலிக் அமிலமே. இதன் உடன்பிறப்பாகிய லினோலிக் அமிலத்தில் ஒன்பது, பன்னிரண்டு ஆகிய இரண்டிடங்களிலும், ஆளிவிதை எண்ணெயில் மிகுந்த லினோலெனிக் அமிலத்தில் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து ஆகிய மூன்றிடங்களிலும் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. மூன்றுக்கும் பொதுவானது ஒன்பதாம் இடம். தாவரத்தின் உயிரணுவில் இவ்வமிலங்களைச் சமைக்கும் என்சைம், முதல் இரட்டைப் பிணைப்பைக் கண்டிப்பாக அந்த ஒன்பதாம் இடத்திலேயே வைத்துவிடுகிறது. ஒரு விதையிலிருந்து மறு விதைக்கு அந்தக் கணக்கு தவறுவது அரிது. தேங்காயெண்ணெயில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அமிலங்கள் இரட்டைப் பிணைப்பே இல்லாதவையாதலால், நாம் பேசப்போகும் வித்தைக்கு அது இடங்கொடாது.

இயற்கை இவ்வளவு துல்லியமாக அடையாளமிட்டு வைத்திருக்கும் அந்த இடத்தில் சங்கிலியைப் பிரிக்க முடியுமானால், ஒன்பது பத்து கார்பன் அணுக்கள் கொண்ட நடுத்தர நீளத் துண்டுகள் கிடைக்கும். பிளாஸ்டிக்குகள், மசகெண்ணெய்கள், சலவைப் பொருள்கள், வாசனைத் திரவியங்கள் முதலியவற்றைச் செய்வோர் பெட்ரோலியத்திலிருந்து பெரும் பிரயாசைப்பட்டு வருவித்துக்கொள்ளும் அளவு அதுவே. எண்ணெயை ஆண்ட பழைய தொழில்கள் இந்த வாய்ப்பைப் பெரும்பாலும் புறக்கணித்தன என்றே சொல்ல வேண்டும். சவுக்காரத் தொழில் சங்கிலியை முழுமையாகவே பயன்படுத்திக்கொண்டது. வனஸ்பதித் தொழிலோ, 1902-ல் ஜெர்மனியின் நார்மன் கண்ட முறைப்படி, நிக்கலின் துணைகொண்டு ஹைட்ரஜனைப் புகுத்தி அந்த இரட்டைப் பிணைப்பையே அழித்துவிட்டது. ஓஸோன் வாயுவைக்கொண்டு அவ்விடத்தில் வெட்டுவோரும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அஸிலாயிக் அமிலமும் பெலர்கோனிக் அமிலமும் கிடைக்கின்றன. ஆயினும் ஓஸோன் தான் தொட்ட இரண்டு முனைகளையும் பிராணவாயுவோடு கூட்டிவிடுவதால், மேற்கொண்டு வேறு ரசாயனக் காரியங்களுக்கு உதவக்கூடிய இரட்டைப் பிணைப்பு எந்தத் துண்டிலும் எஞ்சுவதில்லை. பிணைப்பைப் பிரிக்கவும் வேண்டும், பிரிந்த இரு துண்டுகளிலும் அது திரும்ப முளைத்திருக்கவும் வேண்டும் என்றால், அது பேராசைபோலத்தான் தோன்றும்.

அந்தப் பேராசை நிறைவேறிய வழி எண்ணெய் வித்துகளிலிருந்து தொடங்கவில்லை. பெட்ரோலிய ஆலைகளில் தொடங்கியது. 1950-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் எலூட்டீரியோ என்பவர், மூன்று கார்பன் அணுக்கள் உள்ள புரோப்பிலீன் வாயுவை மாலிப்டினம் கலந்த ஒரு கிரியாஊக்கியின்மீது செலுத்தியபோது, இரண்டு அணுக்கள் உள்ள எதிலீனும் நான்கு அணுக்கள் உள்ள பூட்டீனும் வெளிவரக் கண்டார். 1964-ல் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் பாங்க்ஸும் பெய்லியும் இதே விந்தையைப் பிரசுரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே கனடாவில் அதை ஒட்டி ஓர் ஆலையும் ஓடியது. 1967-ல் குட்இயர் நிறுவனத்தைச் சேர்ந்த கால்டெரோன் இதற்கு மெட்டாதெஸிஸ் என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்துவிட்டதே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

விளக்கியவர், பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஈவ் ஷோவான். அக்காலத்தில் பலர் கருதியது, இரண்டு இரட்டைப் பிணைப்புகள் நேருக்கு நேர் வந்து, நான்கு கார்பன்கள் சதுரமாகச் சேர்ந்து, பிறகு வேறு திசையில் பிரிகின்றன என்பதே. ஷோவானும் அவருடைய மாணவர் எரிஸோனும் ஐந்து கார்பன் வளையமாகிய சைக்ளோபென்டீனையும், சங்கிலி வடிவமான பென்டீனையும் சேர்த்து வினைபுரியச் செய்தார்கள். பென்டீன், இரட்டைப் பிணைப்பில் பிரிந்தால் இரண்டு கார்பன் துண்டு ஒன்றும் மூன்று கார்பன் துண்டு ஒன்றுமாகப் பிரியும். பழைய கொள்கை மெய்யானால், ஒரு பென்டீனின் இரு துண்டுகளும் ஒரே வளையத்தின் இரு முனைகளில் ஒட்டிக்கொண்டு, பத்துக் கார்பன் பொருள் மட்டுமே முதலில் தோன்ற வேண்டும். தோன்றியதோ, வினையின் ஆரம்பத்திலிருந்தே, 9, 10, 11 கார்பன்கள் உள்ள மூன்று பொருள்கள். அவையும் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில். துண்டுகள் ஜோடியாக வரவில்லை, ஒவ்வொன்றாகத் தனித்தனியே வந்து சேர்கின்றன, அவற்றை அவ்வாறு ஏந்திவருவது உலோக அணுவே என்ற முடிவு இதிலிருந்து தவிர்க்க இயலாமல் பிறந்தது. உலோகமும் கார்பனும் தமக்குள்ளே ஓர் இரட்டைப் பிணைப்பால் கூடியிருக்கின்றன. எதிரே வரும் இரட்டைப் பிணைப்போடு அவை சேர்ந்து, மூன்று கார்பன்களும் ஓர் உலோகமும் கொண்ட நாற்கோண வளையமாகச் சற்று நேரம் நிற்கின்றன. பிறகு வளையம் மறுபுறமாகப் பிரிகிறது. உலோகம் பழைய துணையை விட்டுப் புதிய துணையோடு போய்விடுகிறது. நமது கோலாட்டத்தில் ஒருத்தி எதிரே நிற்பவளோடு கோல் தட்டிவிட்டு அடுத்தவளிடம் நகர்வதையும், ஆட்டம் முடியும்போது எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறையேனும் கோல் தட்டியிருப்பதையும் நினைத்துக்கொண்டால், இந்த வினையின் போக்கு மனத்தில் பதிந்துவிடும். 1971-ல் வெளியான அந்தச் சிறு கட்டுரைக்காக ஷோவானுக்கு நோபெல் பரிசு வந்தது 2005-ல்.

இதற்கிடையே, இந்த வினையை எண்ணெய்க்குள் கொண்டுவர முயன்றவர்கள் ஒரு பெரும் தடையைக் கண்டார்கள். புரோப்பிலீன் போன்ற வாயுக்களில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறொன்றுமில்லை. எண்ணெயிலோ, சங்கிலியின் ஒரு முனையில் எஸ்ட்டர் என்னும் வடிவில் பிராணவாயு அணுக்கள் இருக்கின்றன. டங்ஸ்டன், மாலிப்டினம் முதலிய உலோகங்களுக்கு இரட்டைப் பிணைப்பைக் காட்டிலும் பிராணவாயுவின்மீதே மோகம் அதிகமாதலால், அவை தம் தொழிலை மறந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டன. 1972-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பூல்ஹௌவரும் அவரைச் சார்ந்தோரும், டங்ஸ்டன் குளோரைடோடு டெட்ராமெத்தில் டின் என்ற பொருளைச் சேர்த்து, மெத்தில் ஓலியேட் என்னும் எண்ணெய் எஸ்ட்டரை முதன்முதலாக மெட்டாதெஸிஸுக்கு உட்படுத்திக் காட்டினார்கள். சாதனை சாதனையே, ஆயினும் சேர்க்க வேண்டிய உலோகம் அதிகம், அதன் ஆயுள் சொற்பம், வெள்ளீயக் கூட்டோ கொடிய விஷம். ஆலை முதலாளி எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திருப்பம், 2005-ஆம் ஆண்டின் பரிசில் ஷோவானோடு பங்குகொண்ட இரண்டு அமெரிக்கர்களால் வந்தது. ஷ்ராக், ஷோவான் ஊகித்த உலோக–கார்பன் இரட்டைப் பிணைப்பைப் புட்டியில் அடைத்துக் கையாளக்கூடிய நிலைபெற்ற பொருளாகவே செய்து காட்டினார்; அவருடைய மாலிப்டினம் கிரியாஊக்கிகள் அதிவேகமானவை, எனினும் காற்றும் ஈரமும் பட்டால் கெடுபவை. கிரப்ஸ், ருத்தீனியம் என்ற உலோகத்தைத் தேர்ந்தார். அதற்குப் பிராணவாயுவின்மீது அவ்வளவு மோகமில்லை. இரட்டைப் பிணைப்பையே தேடிச்செல்லும் இயல்புடையது. 1992-ல் தொடங்கி, 1995-லும் 1999-லும் படிப்படியாகத் திருந்திய அவருடைய கிரியாஊக்கிகளைச் சாதாரணச் சோதனைச்சாலை மேஜையின்மேல் வைத்தே கையாளலாம். வேகத்தில் சற்றுப் பின்தங்கினாலும் சுபாவத்தில் சாதுவான உலோகம் தொழிலை வென்றது என்பது என் கருத்து. ஷ்ராக்கின் அபிமானிகள் இதை ஒப்புக்கொள்ளாமலிருக்கலாம்.

இனி, வினையின் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்ணெயை மெத்தில் ஆல்கஹாலோடு சிறிது காரம் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து, கொழுப்பமிலங்கள் மெத்தில் எஸ்ட்டர்களாக வெளிவருகின்றன. பயோடீசல் என்று விற்கப்படுவது இதுவே. இதிலுள்ள மெத்தில் ஓலியேட்டைத் தனியே எடுத்துக் கிரியாஊக்கியோடு விட்டால், அது தன்னோடு தானே துண்டுகளை மாற்றிக்கொண்டு, பதினெட்டுக் கார்பன் உள்ள ஒரு ஹைட்ரோகார்பனாகவும், இரு முனைகளிலும் எஸ்ட்டர் உள்ள பதினெட்டுக் கார்பன் பொருளாகவும் மாறுகிறது. ஆனால் பாதி தூரம் சென்றதும் சமநிலை ஏற்பட்டு, நூற்றுக்கு ஐம்பது பங்கு மாறாமலே நின்றுவிடுகிறது. அந்த இருமுனைப் பொருள் பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் உதவும் விலையுயர்ந்த சரக்கு. இதைவிடச் சுவையானது, எதிலீன் வாயுவை அழுத்தத்தோடு உட்செலுத்தி நடத்தும் வினை. மெத்தில் ஓலியேட் 296 கிலோவும் எதிலீன் 28 கிலோவும் சேர்ந்தால், டெஸீன் 140 கிலோவும் மெத்தில் டெஸினோயேட் 184 கிலோவும் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் இருபுறமும் 324. உப்பாகவோ கழிவுநீராகவோ ஒரு கிலோவும் வீணாவதில்லை. ரசாயனத் தொழிலில் இத்தகைய செட்டு அபூர்வம்.

டெஸீன், உயர்தர மோட்டார் எஞ்சின்களுக்குரிய செயற்கை மசகெண்ணெயின் மூலப்பொருள். பெட்ரோலிய மார்க்கத்தில் அதைப் பெற எதிலீனை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். அப்போது நான்கு கார்பன் முதல் இருபதுக்கு மேலும் பல நீளங்கள் கலந்து வருமாதலால், வேண்டிய பத்தை மட்டும் வாலையில் வடித்துப் பிரிக்க நேருகிறது. செடியின் கணக்கு அந்தப் பத்தை நேராகக் கொடுத்துவிடுகிறது. மறு பாதியான மெத்தில் டெஸினோயேட்டின் ஒரு முனையில் எஸ்ட்டரும் மறு முனையில் இரட்டைப் பிணைப்பும் இருப்பதால், இரு கைகளாலும் வேலை வாங்கலாம். சலவைப் பொருளாகவும், பெயின்ட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றும் கரைப்பானாகவும், வாசனைத் திரவியங்களுக்கு அடிப்படையாகவும் அதை மாற்றுகிறார்கள்.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது ஆலையில் அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் சத்துரு எண்ணெயிலேயே இருக்கிறது. காற்றுப் பட்டு நாளான எண்ணெயில் சிக்கு வாடை வீசுவதை நாம் அறிவோம். அந்த வாடைக்கு முன்னோடியாக உண்டாகும் பெராக்ஸைடுகள், மூக்குக்குத் தெரியாத சொற்ப அளவிலேயே கிரியாஊக்கியை மாய்த்துவிடுகின்றன. லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய்களில் இந்தத் தொல்லை அதிகம். ஆதலால் எண்ணெயை அலுமினாவின் வழியே வடித்தும், காற்றுப் படாமல் சூடாக்கியும், பெராக்ஸைடுகளை முற்றும் ஒழித்த பின்னரே ருத்தீனியத்தை அருகில் விட வேண்டும். இந்தச் சுத்திகரிப்பு பெயர் பெற்ற விஞ்ஞானிகளின் உரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை, தொழிலின் லாபநஷ்டத்தைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு அதற்குரியது.

இரண்டாவது சத்துரு எதிலீனே என்பது விசித்திரம். துண்டுகளை ஏந்திவரும் ருத்தீனியம், எதிலீனிடமிருந்து ஒற்றைக் கார்பனை மட்டும் பெற்றுக்கொள்ளும் தறுவாயில் மிகவும் நலிந்த நிலையில் இருக்கிறது. அப்போதே அது சிதைந்து போவது வழக்கம். கிரப்ஸின் முதல் தலைமுறைக் கிரியாஊக்கி, ஒரு மூலக்கூறுக்குப் பதினையாயிரம் தடவை அளவில் வேலை செய்தவுடன் ஓய்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு டன் எஸ்ட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் ருத்தீனியம் செலவாகும். அரிய உலோகமாதலால் அது கட்டுபடியாகாது. பிறகு, கலிபோர்னியாவின் பெர்த்ராண்டு வகுத்த புதியதொரு கார்பன் துணையை ருத்தீனியத்தோடு இணைத்து, 2015-ல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் 3,40,000 தடவை வரையில் வேலை வாங்கினார்கள். அதாவது ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உலோகம். எதிலீனையே விலக்கி, பூட்டீனைப் பயன்படுத்தி அந்த நலிந்த நிலையைக் கூடியவரை தவிர்ப்பதும் ஒரு தந்திரம். அப்போது துண்டுகளின் நீளம் பத்தோடு பன்னிரண்டும் கலந்ததாக அமையும்.

இந்த வித்தை பெரிய அளவில் அரங்கேறிய இடம் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், சுரபயா நகருக்கு அருகிலுள்ள கிரெஸிக். கார்கில் நிறுவனமும், கிரப்ஸின் கிரியாஊக்கிகளைத் தயாரித்துவந்த மெட்டீரியா நிறுவனமும் கூடி 2007-ல் தோற்றுவித்த எலவன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், சிங்கப்பூரின் வில்மார் நிறுவனத்தோடு சேர்ந்து, ஆண்டுக்கு 1,80,000 டன் கொள்ளளவில் அங்கே ஓர் ஆலையை எழுப்பி 2013-ல் சரக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்க அரசின் பசுமை ரசாயனப் பரிசு அந்நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. மூலப்பொருள் பாமாயில். ஆலை ஓடத் தொடங்கிய மறு ஆண்டிலேயே, பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் சரியத் தொடங்கி, 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே இறங்கிற்று. பெட்ரோலியப் பொருளோடு விலையில் போட்டியிட வேண்டிய எந்தத் தாவரச் சரக்குக்கும் அது சோதனைக் காலமே. தவிரவும், பாமாயில் தோட்டங்களுக்காக வனங்கள் அழிக்கப்படும் தேசத்தில், அவ்வெண்ணெயைப் பசுமையின் பெயரால் பயன்படுத்துவதில் ஒரு முரண்பாடு உண்டு. உண்ணும் எண்ணெயை மசகெண்ணெயாக்குவது, பெட்ரோலியத்தைத் தாவரத்தால் ஈடுசெய்வதென்ற பெருமைக்காக அடுப்பங்கரையைக் காலி செய்வதாகவே எனக்குப் படுகிறது.

அந்த ஆட்சேபத்துக்கு இடமில்லாத எண்ணெய் ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயை ஒருவரும் சமைத்து உண்பதில்லை. மானாவாரி நிலத்தில் விளைவது. உலகுக்கு வேண்டியதில் பெரும் பங்கை இந்தியா, முக்கியமாகக் குஜராத், விளைவிக்கிறது. அதிலுள்ள ரிஸினோலிக் அமிலத்திலும் இரட்டைப் பிணைப்பு அதே ஒன்பதாம் இடத்தில் இருக்கிறது. கூடுதலாகப் பன்னிரண்டாம் கார்பனில் ஹைட்ராக்ஸில் தொகுதி ஒன்றும் உண்டு. இதைக் கடும் வெப்பத்தில் பிளந்து பதினொரு கார்பன் கொண்ட அன்டிஸிலினிக் அமிலம் எடுத்து, அதிலிருந்து நைலான்-11 செய்வது பிரான்சில் வேரூன்றிய தொழில். அந்தப் பதினொன்றைப் பன்னிரண்டாக்கினால் நைலான்-12 ஆகும். மோட்டார் வண்டிகளில் பெட்ரோல் செல்லும் குழாய்களுக்கு அது இன்றியமையாதது. 2012 மார்ச்சில் ஜெர்மனியின் மார்ல் நகரில், அதற்குரிய பெட்ரோலிய மூலப்பொருளைச் செய்யும் ஆலை வெடித்தபோது, உலகத்து மோட்டார் உற்பத்தியாளர் யாவரும் கதிகலங்கினார்கள். பிரான்சின் ரென் நகரத்து விஞ்ஞானிகளும் ஆர்கெமா நிறுவனத்தாரும், ஆமணக்கின் பதினொரு கார்பன் எஸ்ட்டரின் முனையிலுள்ள இரட்டைப் பிணைப்பில் அக்ரிலோநைட்ரைலை மெட்டாதெஸிஸ் மூலம் இணைத்து, அங்கே ஒரு கார்பனை நைட்ரஜனோடு சேர்த்தே வருவித்து, நைலான்-12-க்குத் தாவர மார்க்கம் ஒன்றை வகுத்திருக்கிறார்கள்.

ஆமணக்கெண்ணெய் எஸ்ட்டரை நேராக எதிலீனோடு சேர்த்தாலும் வினை நடக்கும். ஒரு பாதி, முன் கண்ட அதே மெத்தில் டெஸினோயேட். அதற்குச் சந்தை தேட வேண்டியதில்லை. மறு பாதி, பத்துக் கார்பன்களோடு நான்காம் இடத்தில் ஹைட்ராக்ஸில் தொகுதியும் தாங்கிய ஓர் ஆல்கஹால். அதற்கு டெஸீனுக்கு உள்ளதுபோன்ற பெரிய கிராக்கி இன்றுவரை ஏற்படவில்லை. குஜராத்தின் ஆமணக்குச் செக்குகளை ஒட்டி இத்தகைய ஆலை ஒன்று எழ வேண்டுமானால், ருத்தீனியத்தின் சிக்கனத்தைவிட, டன் கணக்கில் சேரப்போகும் அந்த ஆல்கஹாலை வாங்கிக்கொள்ள வாசனைத் திரவியக்காரரோ பிளாஸ்டிக்காரரோ யார் முன்வருவார் என்பதையே முதலில் விசாரித்தாக வேண்டும்.